அளவி சரியா, அறை சரியா: உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையில் டிஜிட்டல் கருவிகளின் பிழை நீக்கம், அறிகுறி வாரியாக

வெளிக்காற்றைவிட அதிக அழுத்தமுள்ள மூடிய அறையில் நோயாளியைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்யும் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைப் பிரிவுகளில் ஆக்சிஜன் அளவி, அழுத்தப் பதிவி, மின்னணுச் சரிபார்ப்புப் பட்டியல், பராமரிப்பு மென்பொருள் ஆகியவை இப்போது ஒன்றையொன்று சார்ந்தே இயங்குகின்றன. அவற்றில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் பழுதுகள் சிலவே. அவற்றை அறிகுறி வாரியாகவும், ஒவ்வொன்றின் காரணங்களையும் கையால் தொட்டுப் பார்த்துச் சரிசெய்யக் கூடியவற்றில் தொடங்கிச் செலவு வைப்பவை வரையிலும் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எந்தத் தலைப்புக்குப் போவதற்கு முன்பும் இரண்டு விதிகள் உண்டு. இரண்டு கருவிகள் முரண்பட்டால், உண்மை தெரியும் வரை எது மோசமான செய்தியைச் சொல்கிறதோ அதையே நம்ப வேண்டும். நோயாளி உள்ளே இருக்கும்போது எந்தக் கருவியையும் பழுது பார்க்கக் கூடாது. சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் முடிவு செய்து, நோயாளி பத்திரமாக வெளியே வந்த பிறகே கருவியில் கை வைக்க வேண்டும்.

## ஆக்சிஜன் அளவி 23.5 விழுக்காட்டைத் தாண்டிக் காட்டுகிறது

இந்த வரம்பு, காற்றால் அழுத்தப்பட்டு நோயாளிகள் ஹூட் (தலையை மூடும் உறை) அல்லது முகமூடி வழியாக ஆக்சிஜனைச் சுவாசிக்கும் பலர் அறைக்கானது; தூய ஆக்சிஜனே நிரப்பப்படும் ஒருவர் அறைக்கு இது பொருந்தாது. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 99 நெறி இந்த எண்ணைக் குறிப்பிடுகிறது. உங்கள் மையம் இதைவிடக் குறைந்த எண்ணை வைத்திருந்தால் அதுவே செல்லும்.

அலாரம் ஒலித்ததும் பலர் அளவியைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். அப்படிச் செய்யாமல், உடனே அறையின் காற்றோட்டத்தைக் கூட்டிவிட்டு எண்ணைக் கவனியுங்கள். இறங்காவிட்டால் ஹூட்களுக்குப் போகும் ஆக்சிஜனை நிறுத்தி, நோயாளிகளை அறைக்காற்றுக்கு மாற்றுங்கள்.

### காற்றோட்டத்தைக் கூட்டியதும் எண் இறங்குகிறது

அப்படியானால் கசிவு உண்மையானது. அளவி தன் வேலையைச் செய்திருக்கிறது. பெரும்பாலும் ஹூட்டின் கழுத்து வளையம்தான் குற்றவாளி: அளவு பெரிதாக இருக்கும், அல்லது ஓரம் மடிந்திருக்கும், அல்லது நோயாளி தூங்கியபோது தலை சாய்ந்து இடைவெளி விழுந்திருக்கும். முகமூடி என்றால் தாடியும் மூக்குப் பாலமும் பார்க்க வேண்டிய இடங்கள். அடுத்ததாக, சுவாசித்து வெளிவிட்ட வாயுவை அறைக்கு வெளியே கொண்டுபோகும் குழாயின் வால்வு பாதி மூடியிருக்கிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால், ஆளில்லாத அறையில் ஒவ்வோர் இருக்கைக்குமான ஆக்சிஜன் இணைப்பை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, எதைத் திறக்கும்போது எண் ஏறுகிறது என்று பதிவியின் வரைகோட்டில் கண்டுபிடிக்கலாம். கோடு வெறும் எண்ணைவிட அதிகம் சொல்லும்: கழுத்து வளையக் கசிவு மேடும் பள்ளமுமாகத் தெரியும், வால்வுக் கசிவு சீராக ஏறிக்கொண்டே போகும்.

எல்லா இணைப்புகளும் மூடியிருக்கும்போதே எண் ஏறினால் ஆக்சிஜன் வால்வின் உட்பகுதியோ சீராக்கியோ கசிகிறது. அதைக் கழற்றும் வேலை ஆக்சிஜன் குழாய்களில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பருடையது. எண்ணெய்ப் பசை படிந்த ஒரு ஸ்பானர் கூட அங்கே தீக்கு வழி செய்துவிடும்.

### காற்றோட்டத்தைக் கூட்டியும் எண் அசையவில்லை, கதவு திறந்திருக்கும்போதும் 22க்கு மேல் நிற்கிறது

இப்போது அளவியைச் சந்தேகிக்கலாம். அறைக்காற்றில் அது 20.9 காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் காற்றிலும் 100 விழுக்காடு ஆக்சிஜனிலும் அளவுத்திருத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் ஏறி நின்றால், மாதிரி வாயு அளவியிலிருந்து வெளியேறும் குழாயைப் பாருங்கள். வேதி மின்கல வகைச் சென்சார் உண்மையில் அளப்பது ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தையே. வெளியேறும் வழி அடைபட்டுச் சென்சாரின் முன்னால் 5 விழுக்காடு கூடுதல் அழுத்தம் தேங்கினால், சாதாரணக் காற்றே 21.9 என்று தெரியும். மாதிரியின் ஓட்டம் தயாரிப்பாளர் சொன்னதைவிட அதிகமாக வைக்கப்பட்டிருந்தாலும் இதே கதைதான்.

இதே காரணத்தால், சென்சார் அறைக்கு உள்ளேயே பொருத்தப்பட்டு அழுத்தத்துக்கான ஈடு மென்பொருளில் அணைந்திருந்தால், 2.4 ஏ.டி.ஏ. (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து வளிமண்டலக் கணக்கில் சொல்லும் அலகு) அழுத்தத்தில் வெறும் காற்று 50 விழுக்காடு போலத் தெரியும். அழுத்தத்தோடு சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும் எண்ணைக் கண்டால், மென்பொருள் அமைப்புகளுக்குள் போய் இதைத்தான் முதலில் தேடுங்கள்.

## ஆக்சிஜன் அளவி எப்போதும் 20.9 காட்டுகிறது

புகார் வராத பழுது இது. ஆகவே நான் எல்லாவற்றையும்விட இதற்கே அஞ்சுகிறேன். மாதிரிக் குழாயில் ஓட்டம் குறைந்துவிட்டால், திறந்திருக்கும் வெளியேற்ற முனை வழியாக வெளிக்காற்று பின்னோக்கிப் புகுந்து சென்சாரைச் சூழ்ந்துகொள்ளும். அறைக்குள் என்ன நடந்தாலும் திரை அமைதியாக 20.9 காட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் ஃப்ளோமீட்டரின் மிதவை குறிக்கப்பட்ட இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு குழாயில் நீர்த்துளிகள் இருக்கின்றனவா, வடிகட்டி நிறம் மாறியிருக்கிறதா, மாதிரி எடுக்கும் முனை போர்வைக்குப் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள். பம்பு மூலம் மாதிரி எடுக்கும் அமைப்பு என்றால் எளிய சோதனை ஒன்று உண்டு: கதவு திறந்த நிலையில், அறைக்குள் இருக்கும் மாதிரி முனையின் அருகே மெதுவாக மூச்சை விடுங்கள். வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் சுமார் 16 விழுக்காடுதான் இருக்கும் என்பதால், குழாயின் நீளத்துக்கு ஏற்பச் சில நொடிகளில் எண் தெளிவாக இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்த அளவி அறையை அளக்கவில்லை. அறையின் அழுத்தத்தாலேயே மாதிரி தள்ளப்படும் அமைப்பில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே ஆளில்லாத அறையைக் குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றி ஓட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்.

காற்றில் 20.9 சரியாகக் காட்டி, தூய ஆக்சிஜனில் 80 அல்லது 90 தாண்ட மறுத்தால் சென்சாரின் ஆயுள் முடிந்துவிட்டது. காற்றில் மட்டும் அளவுத்திருத்தம் செய்யும் மையங்களில் இது கண்ணில் படவே படாது. புதிய சென்சாரைப் பொருத்திய நாளைப் பராமரிப்பு மென்பொருளில் பதிந்து, அதன் இறுதி நாளுக்கு முன்பே நினைவூட்டல் வரும்படி வையுங்கள். புதிய சென்சாரும் அதே போல மறுத்தால் மின்சுற்றுப் பலகையில் கோளாறு. சேவைப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

## திரையில் உள்ள அழுத்தமும் முள் காட்டும் அழுத்தமும் ஒத்துப்போகவில்லை

வித்தியாசம் எப்படி மாறுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். ஆகவே கதவு திறந்த நிலையிலும், பிறகு ஆளில்லாத அறையில் வெவ்வேறு அழுத்தங்களிலும், இரண்டு எண்களையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள்.

### வித்தியாசம் எப்போதும் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம்

கருவிகள் இரண்டும் சரி, அலகுகள்தான் வேறு. ஏ.டி.ஏ. என்பது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தது. முள் காட்டுவது அதற்கு மேற்பட்டதை மட்டும். கடல் மட்டத்தில் 2.4 ஏ.டி.ஏ. என்பது முள்ளில் 1.4 வளிமண்டலம், அதாவது ஏறக்குறைய 142 கிலோபாஸ்கல் அல்லது 20.6 பி.எஸ்.ஐ. இதை வெறும் குழப்பம் என்று விட்டுவிட முடியாது. மருத்துவர் எழுதிய 2.4 என்பதை மென்பொருளில் முள் அளவாக உள்ளிட்டால் அறை 3.4 ஏ.டி.ஏ.வை நோக்கிப் போகும். அந்த அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் வாய்ப்பு மிகவும் கூடிவிடும். மென்பொருளின் ஒவ்வோர் உள்ளீட்டுக் கட்டத்திலும் அலகின் பெயர் நிலையாகத் தெரிய வேண்டும், 3 ஏ.டி.ஏ.வுக்கு மேற்பட்ட எண்ணை அது ஏற்க மறுக்க வேண்டும். உங்கள் மென்பொருளில் இந்தத் தடை இல்லை என்றால் அதைக் கேட்டுப் பெறுவதுதான் இந்தப் பகுதியில் உள்ள வேலைகளிலேயே முதன்மையானது.

### வித்தியாசம் சிறியது, ஆனால் மாறாதது. அல்லது அழுத்தத்தோடு வளர்கிறது

மாறாத வித்தியாசம் சுழியப் பிசகு. கதவு திறந்த நிலையில் தயாரிப்பாளரின் முறைப்படி சுழியமாக்கினால் போய்விடும். அடுத்த வாரமே திரும்பி வந்தால் சென்சாரை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. அழுத்தத்தோடு சேர்ந்து வளரும் வித்தியாசத்தை மென்பொருளில் ஒரு எண்ணால் பெருக்கிச் சமாளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு; அது பிசகை மறைப்பதே ஒழியத் திருத்துவதாகாது. இரண்டில் எது தவறு என்று சான்றளிக்கப்பட்ட மூல அளவியோடு ஒப்பிட்டே சொல்ல முடியும் என்பதால் இங்கே அளவுத்திருத்த ஆய்வகத்தை நாட வேண்டும்.

### அழுத்தம் ஏறும்போது திரை பின்தங்குகிறது

நோயாளி காது வலிக்கிறது என்று கையைக் காட்டுவார். திரையோ அழுத்தம் மெதுவாகத்தான் ஏறுகிறது என்று சொல்லும். நோயாளியை நம்புங்கள், ஏற்றத்தை நிறுத்துங்கள். நடுக்காதில் ஏற்படும் அழுத்தக் காயமே இந்தச் சிகிச்சையின் மிகப் பொதுவான பக்கவிளைவு. பின்தங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் மென்பொருளில் வரைகோட்டை அழகாக்குவதற்காக வைக்கப்பட்ட சராசரிக் காலம். அதைக் குறைத்தால் போதும். குறைத்தும் பின்தங்கினால், அழுத்தத்தைச் சென்சாருக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாயில் அடைப்பு இருக்கிறது.

### திரையில் எண் உறைந்து நிற்கிறது

இணைப்பு அறுந்த பிறகும் கடைசி எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் உண்டு. நொடிதோறும் மாறும் ஏதாவது ஒரு குறி திரையில் இருந்தால் இது உடனே புரியும். 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை இயங்கும் சென்சாரில், சமிக்ஞை 4க்குக் குறிப்பிடத்தக்க அளவு கீழே விழுந்தால் கம்பியோ இணைப்போ அறுந்திருக்கிறது என்று பொருள். அதை மென்பொருள் "பழுது" என்று காட்ட வேண்டுமே தவிர, பூஜ்யம் என்று காட்டக் கூடாது.

## எர்த் சோதனைக் கருவி சிவப்பு காட்டுகிறது

தூய ஆக்சிஜன் நிரம்பிய அறையில் நிலை மின்சாரத்தின் ஒரு பொறி போதும் என்பதால், ஒருவர் அறையில் இந்தச் சிவப்பு விளக்கு அணையும் வரை கதவை மூடக் கூடாது. இதற்கு விதிவிலக்கு எதுவும் கிடையாது.

கருவி காட்டும் மின்தடை மிக அதிகம் என்றால், நோயாளியை எர்த்தோடு இணைக்கும் மணிக்கட்டுப் பட்டை தளர்வாக இருக்கும், அல்லது கட்டுத்துணியின் மேல் கட்டப்பட்டிருக்கும், அல்லது தோல் மிகவும் வறண்டிருக்கும். பட்டையை வெறும் தோலில் இறுக்கி, அந்த இடத்தை நீரால் மட்டும் ஈரப்படுத்திப் பாருங்கள். எண்ணெயோ கிரீமோ கூடாது. சரியாகவில்லை என்றால் வேறு பட்டையை மாற்றிப் பாருங்கள். அதிலும் சிவப்பு வந்தால் படுக்கைக்கும் அறையின் உடலுக்கும் இடையே உள்ள இணைப்பில் தேடுங்கள்.

மிகக் குறைவான அளவும் பழுதுதான். பொதுவாக இத்தகைய பட்டையின் கம்பியில் 1 மெகாஓம் மின்தடை இருக்கும். கம்பியை மட்டும் சோதிக்கும்போது பூஜ்யத்தை ஒட்டிய எண் வந்தால் அந்த மின்தடை போய்விட்டது, பட்டையைத் தூக்கி எறியுங்கள். அறையின் உடலுக்கும் கட்டிடத்தின் எர்த்துக்கும் இடையே என்.எஃப்.பி.ஏ. 99 அனுமதிப்பது அதிகபட்சம் 1 ஓம்; அங்கே பிசகு என்றால் மின் பொறியாளர் வரும் வரை அறை மூடியே இருக்க வேண்டும்.

மின்னணுப் பட்டியலில் இதற்கு "சரி" என்று ஒரு பொத்தானை வைப்பதைவிட, அளவிட்ட எண்ணைத் தட்டச்சு செய்யும்படி வைப்பது நல்லது. எண்ணைக் கேட்டால் கருவியைக் கையில் எடுத்தே ஆக வேண்டும்.

## பட்டியல் முழுவதும் பச்சை, ஆனால் தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளே போயிருக்கிறது

1997ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு பலர் அறையில் ஏற்பட்ட தீயில் 11 பேர் உயிரிழந்தனர்; உள்ளே கொண்டுபோகப்பட்ட கை சூடாக்கும் கருவி ஒன்றே அதன் தொடக்கமாகக் கருதப்பட்டது. கைபேசி, லைட்டர், காது கேட்கும் கருவி, தலையில் தடவிய எண்ணெய், செயற்கை இழை உடை என்று பட்டியல் நீளமானது. அதன் நீளமே அது கவனமின்றி நிரப்பப்படுவதற்கும் காரணம்.

முதலில் நேரக் குறிகளைப் பாருங்கள். இருபது கேள்விகளும் பத்து நொடிக்குள் விடை பெற்றிருந்தால் யாரும் எதையும் பார்க்கவில்லை. நோயாளி வருவதற்கு முன்பே நிரப்பப்பட்டிருந்தால் காரணம் பணி நெருக்கடி. விடைகள் முன்கூட்டியே "இல்லை" என்று நிரம்பியிருந்தால் தவறு படிவத்தில் இருக்கிறது. முதலில் அதை நீக்குங்கள், செலவே இல்லை. அடுத்து, "தடைசெய்யப்பட்ட பொருட்கள் இல்லை" என்ற ஒற்றை வரியை உடைத்து, பொருளின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: சட்டைப் பை, காது, தலைமுடி, கட்டுக்கு அடியில் தடவிய மருந்து. கதவை மூடுவதற்குச் சற்று முன்பு இரண்டாவது நபர் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து உறுதி செய்யட்டும். கழிப்பறைக்குப் போய்த் திரும்பிய நோயாளிக்குப் பட்டியல் முதலிலிருந்து திறக்க வேண்டும். அங்கேதான் கைபேசி மீண்டும் பைக்குள் போகிறது.

பட்டியலைக் காட்டும் டேப்லெட்டும் லித்தியம் மின்கலம் உள்ள பொருளே என்பதை நினைவில் வைத்து, அதைக் கதவுக்கு வெளியே சுவரில் பொருத்திவிடுங்கள். இவற்றுக்குப் பிறகும் பொருட்கள் உள்ளே போனால் மென்பொருளை மாற்றிப் பயனில்லை. எந்தப் பொருளையும் தடுக்கவும் சிகிச்சையை நிறுத்தவும் அதிகாரம் உள்ள பாதுகாப்புப் பொறுப்பாளர் நேரில் நின்று சில நாட்கள் கவனிக்க வேண்டும்.

## பதிவில் இடைவெளி விழுகிறது, நேரங்கள் பொருந்தவில்லை

மணிக்கணக்கில் வித்தியாசம் என்றால் நேர மண்டல அமைப்பு. சில நிமிடங்கள் என்றால் ஒவ்வொரு கருவியும் தன் கடிகாரத்தை நம்பி ஓடுகிறது. எல்லாவற்றையும் பிணையத்தில் உள்ள ஒரே நேரச் சேவையகத்தோடு இணையுங்கள். மூன்று நிமிட வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நோயாளிக்கு வலிப்பு வந்த கணத்தில் அவர் ஆக்சிஜனில் இருந்தாரா, இடையே தரப்படும் ஐந்து நிமிடக் காற்று இடைவேளையில் இருந்தாரா என்பதை அந்தப் பதிவைக் கொண்டு பிறகு யாராலும் சொல்ல முடியாது. வலிப்பு நடந்துகொண்டிருக்கும்போது அழுத்தத்தை இறக்கக் கூடாது என்பதால், எந்த நிமிடத்தில் இறக்கம் தொடங்கியது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தில் இடைவெளி விழுந்தால், அந்த நேரத்தில் இயங்கத் தொடங்கும் கம்பிரசரோ கணினியின் உறக்க நிலையோ காரணம். தாறுமாறாக விழுந்தால் கேபிளும் வைஃபையும். தடையில்லா மின்கருவியின் (யு.பி.எஸ்.) மின்கலத்தை, ஆளில்லாதபோது மின்சாரத்தைத் துண்டித்துச் சோதியுங்கள்.

## அலாரம் ஓயாமல் ஒலிக்கிறது, அல்லது ஒலிப்பதே இல்லை

ஓயாமல் ஒலித்தால் வரம்பைத் தளர்த்தாதீர்கள். எந்த அலாரம், எந்த நேரம், யார் அணைத்தார் என்று ஒரு வாரப் பதிவைப் பாருங்கள். பெரும்பாலான ஒலிகள் ஒன்றிரண்டு சென்சார்களிலிருந்தே வரும், அவற்றைச் சரிசெய்தால் மீதி அடங்கிவிடும். ஒலிப்பதே இல்லை என்றால் ஒலியளவும் தற்காலிக முடக்கமும் முதலில். நாளின் முதல் சிகிச்சைக்கு முன் ஒவ்வோர் அலாரத்தையும் வேண்டுமென்றே ஒலிக்கச் செய்து, அதைப் பதிவில் ஏற்றுங்கள்.

## குளுக்கோஸ் எண் நோயாளியின் நிலைக்குப் பொருந்தவில்லை

அறைக்குள் ஆக்சிஜன் மிகுந்திருக்கும்போது எடுத்த இரத்தத்தில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகைச் சோதனைப் பட்டைகள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக் கூடும். பட்டை எந்த வகை என்று உறையைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆய்வக முடிவோடு ஒப்பிடுங்கள். எனினும் சிகிச்சையின்போது சர்க்கரை உண்மையிலேயே இறங்குவதும் உண்டு. வியர்வையும் நடுக்கமும் உள்ள நோயாளியிடம் கருவியைக் குறைசொல்லிக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் மருத்துவரை அழையுங்கள்.

## மென்பொருளில் உள்ள சுழற்சி எண்ணிக்கை அறையின் எண்ணிக்கைமானியைவிடக் குறைவு

அக்ரிலிக் சாளரங்களின் ஆயுள் ஆண்டுகளில் மட்டுமன்றி, அழுத்தம் ஏற்றி இறக்கிய எண்ணிக்கையிலும் கணக்கிடப்படுகிறது. சோதனைக்காக ஏற்றிய சுழற்சிகளை மென்பொருள் விட்டுவிட்டிருக்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றியபோது எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். எதுவானாலும் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைமானியே மாற்றப்பட்டிருந்தால் பழைய எண்ணைக் கூட்டி, யார் எப்போது மாற்றினார் என்ற குறிப்போடு பதியுங்கள். சாளரத்தில் நுண்ணிய வலைக்கீறல்களோ கீறலோ நிறமாற்றமோ தெரிந்தால் எந்த எண்ணும் பொருட்டல்ல; அறையை நிறுத்திவிட்டு அழுத்தக் கலன் ஆய்வாளரை அழையுங்கள்.

## தொழில்நுட்பரை அழைக்கும்போது

அழுத்தக் கலன், பாதுகாப்பு விடுவிப்பு வால்வு, ஆக்சிஜன் குழாய், தீயணைப்பு அமைப்பு ஆகிய நான்கிலும் மையத்தின் ஊழியர் கண்ணால் பார்க்கலாம், கழற்றக் கூடாது. அழைப்பதற்கு முன் பழுது தெரிந்த சிகிச்சையின் பதிவை, திரையின் படமாக அன்றி மூலக் கோப்பாகவே பிரதி எடுத்து வையுங்கள். சில பதிவிகள் நினைவகம் நிரம்பியதும் பழையதை அழித்துவிடும். சென்சாரின் வரிசை எண், கடைசி அளவுத்திருத்த நாள், மென்பொருளின் பதிப்பு, அது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாள், நீங்கள் ஏற்கெனவே மாற்றிப் பார்த்த பாகங்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி அறையின் கதவில் ஒட்டுங்கள். அந்தத் தாளை எடுக்கும் அதிகாரம் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு மட்டுமே இருக்கட்டும். தாள் இருக்கும் வரை முன்பதிவு மென்பொருளிலும் அந்த அறையைப் பூட்டி வையுங்கள்.